மறதி மாத்திரை: வாசகர் கேள்விகளுக்கு மருந்தாளுநர் பதில்

அப்பாவுக்கு டொனெபெசில் என்ற மறதி மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம். ஒரு மாற்றமும் இல்லை. நிறுத்திவிடலாமா? (செந்தூல்)

வேண்டாம். 5 மில்லிகிராமில் 4 முதல் 6 வாரம் உடம்பு பழக வேண்டும், பிறகுதான் 10. பலனைப் பார்க்க மூன்று மாதமாவது ஆகும். மூளைச் செல்கள் செய்தி அனுப்பப் பயன்படும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை இது தடுக்கிறது, நோயை மாற்றாது. ஆய்வுகளில் 70 மதிப்பெண் நினைவுத் தேர்வில் தெரிந்த வித்தியாசம் சராசரியாக 2, 3 மதிப்பெண்தான். மறந்த பேரன் பெயர் திரும்ப வரும் என்று காத்திருக்காதீர்கள். சட்டைப் பொத்தானை இன்னும் சில மாதம் அவரே போட்டுக்கொண்டால் அது பலன்.

அம்மா மறதி மாத்திரை சாப்பிட்டும் குழப்பம் கூடுகிறது. ஏன்? (புக்கிட் மெர்தாஜாம்)

வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை. இதை எழுதாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது! போன மாதம் ஒரு மகள் பாசார் பையோடு வந்து மேசையில் கொட்டினார். டொனெபெசில் இருந்தது. அதன் பக்கவிளைவாக அவர் அம்மாவுக்கு அடிக்கடி சிறுநீர் முட்டியிருக்கிறது. அதை வயதுக் கோளாறு என்று நினைத்து இன்னொரு கிளினிக்கில் சிறுநீரை அடக்கும் ஆக்ஸிபியூட்டினின் கொடுத்திருக்கிறார்கள். சளிக்கு, தூக்கம் வரவைக்கும் மஞ்சள் மாத்திரை குளோர்பெனிரமின் வேறு. முதலாவது அசிட்டைல்கோலினைக் கூட்டுகிறது, மற்ற இரண்டும் அதே அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கின்றன. ஒரு கையால் விளக்கேற்றி மறு கையால் அணைக்கிற கதை. கெடுவது அந்த அம்மாவின் மூளை. இதை வாரா வாரம் பார்க்கிறேன், மனம் பொறுக்கவில்லை. சளி மாத்திரை, தைலம், நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

புது மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைக் கொடுத்துவிட்டால் நஷ்டம்தானே? (பிரிக்பீல்ட்ஸ்)

நஷ்டம் என்று யார் சொன்னது? மறதி நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் உருவாக உதவும் நொதியைத் தடுத்தால் மறதி தீரும் என்று நம்பிப் பல மருந்துகளைச் சோதித்தார்கள். செமகாசெஸ்டாட் ஆய்வு 2010இல் நின்றது. அதைச் சாப்பிட்டவர்கள் வெற்று மாத்திரைக்காரர்களைவிட மோசமானார்கள், தோல் புற்றுநோயும் அவர்களிடம் கூடுதல். ஏறத்தாழ 2,000 பேரிடம் சோதித்த வெருபெசெஸ்டாட் அமிலாய்டை நன்றாகவே குறைத்தது, நினைவைக் காப்பாற்றவில்லை. 2017இல் அதையும் நிறுத்தினார்கள். வெற்று மாத்திரைக் குழு இல்லாமல் இருந்திருந்தால் இந்தத் தீங்கு தெளிவாகத் தெரிந்திருக்காது. ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலக உங்களுக்கு உரிமை உண்டு.

வல்லாரை போதாதா? (பட்டர்வொர்த்)

கீரையாகச் சாப்பிடுங்கள். மாத்திரைக்கு அது ஈடாகாது.

டொனெபெசிலோடு ஹூபர்சின் என்ற மூலிகைச் சத்துக் கேப்ஸூலையும் சேர்த்துக் கொடுக்கலாமா? (கெப்போங்)

கூடாது. அதுவும் அதே நொதியைத்தான் தடுக்கும். நாடித்துடிப்பு இறங்கி மயங்கி விழுந்தால் இடுப்பெலும்பு போகும்.

ராத்திரி கெட்ட கனவு கண்டு அலறுகிறார். (ஜார்ஜ் டவுன்)

டொனெபெசில் என்றால் டாக்டரிடம் சொல்லிக் காலைக்கு மாற்றுங்கள்.

மறதிக்கான ரிவாஸ்டிக்மின் மருந்து ஒட்டுப் பட்டையை எங்கே ஒட்டுவது? (ஆயர் ஈத்தாம்)

முதுகில், அவர் கைக்கு எட்டாத இடத்தில், தினமும் இடம் மாற்றி. பழையதை உரித்த பிறகுதான் புதியது. சட்டையைத் தூக்கி நன்றாகப் பாருங்கள்: இரண்டு பட்டை ஒன்றாக இருந்தால் மருந்து இரட்டிப்பாகிவிடும்.