பதில்: ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு உட்கார்ந்திருக்கும் பையன்

சகோதரி, ஏடிஎச்டி (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் குறைபாடு) உள்ள உங்கள் 9 வயது மகன், "கிளம்பு" என்று 5 தடவை சொன்ன பிறகும் ஒரு காலில் சாக்ஸோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறான், வேண்டுமென்றே செய்கிறானோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லவே இல்லை. என் மகளும் இப்படித்தான் இருந்தாள்.

"கிளம்பு" நமக்கு ஒரே சொல். அவனுக்கோ அது ஏழெட்டு வேலை. அவற்றை மனதில் பிடித்து வைத்து வரிசையாகச் செய்யும் திறன்தான் அவனுக்குப் பிந்தி வளர்கிறது. 2007-இல் வெளியான அமெரிக்க ஸ்கேன் ஆய்வில், ஏடிஎச்டி குழந்தைகளின் மூளைப் புறணியின் (மூளையின் வெளி அடுக்கு) முதிர்ச்சி ஏறத்தாழ 3 ஆண்டுகள் தாமதமாக இருந்தது. அதனால் 6 வயதுப் பிள்ளைக்குச் செய்யும் உதவியை அவனுக்குச் செய்யத் தயங்காதீர்கள்.

அவன் சாக்ஸ் போடுவதை, பை மாட்டுவதை நீங்களே படமெடுத்து 4 படங்களாக ஒட்டுங்கள். முடித்ததும் அந்தப் படத்தை அவனே திருப்பி வைக்கட்டும். நான் முதலில் கதவின் மேலே ஒட்டினேன், பலனில்லை. அவள் உட்காரும் இடத்தில், கண் மட்டத்துக்கு இறக்கிய பிறகுதான் பார்த்தாள். திரும்பத் திரும்பச் சொல்லாமல் படத்தை விரலால் காட்டுங்கள், போதும். ஒன்றை முடித்த நொடியிலேயே பாராட்டுங்கள். மாலையில் பாராட்டினால் ஒட்டாது.

நினைவாற்றல் பயிற்சி ஆப் வாங்கலாமா என்றீர்கள். நான் வாங்கமாட்டேன். அந்த விளையாட்டில் மதிப்பெண் ஏறும், ஆனால் அது காலை நேர அவசரத்துக்குள் வந்து சேர்வது அரிது. அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரைப் பார்த்தீர்களா?