எக்ஸெல்ல 38 பர்சென்ட் வருது, கைக்கு எவ்ளோ வரும்?

இந்த வாரம் வந்த கேள்வில பாதிக்கு மேல குட்டி கம்பெனி பங்கு பத்தித்தான், அதுவும் ஃபார்முலா போட்டு வாங்குறத பத்தி. மியூச்சுவல் ஃபண்டு, நகைக்கடன் கேள்விலாம் அடுத்த வாரம் பாத்துக்கலாம்.

கேள்வி: சார், கும்பகோணத்துல பாத்திரக்கடை ஒண்ணுல கணக்கு பாக்குறேன், எக்ஸெல் நல்லா வரும். மொத்த பங்கு மதிப்பு 500 கோடிக்குக் கீழ இருக்குற கம்பெனிங்கள மட்டும் எடுத்து, பிஇ (பங்கு விலை லாபத்துக்கு எத்தன மடங்குன்னு) 10க்குக் கீழ, ஆர்ஓசிஇ (போட்ட முதலுக்கு வர்ற லாபம்) 20%க்கு மேல, கடன் கம்மி, ஆறு மாசமா விலை ஏறிருக்கணும்னு நாலு ஃபில்டர் போட்டேன். மாசா மாசம் 20 பங்க மாத்துற மாதிரி பத்து வருஷத்துக்கு பேக்டெஸ்ட் பண்ணா (பழைய விலைங்கள்ல ஓட்டிப் பாத்தா) வருஷத்துக்கு 38% காட்டுது. கையில 4 லட்சம் இருக்கு, எறங்கலாமா?

பதில்: செத்த பொறுங்க. ஃபில்டர்ல பெருசா தப்பு சொல்ல மாட்டேன், மலிவா இருக்கணும், லாபம் வரணும், விலையும் திரும்பிருக்கணும்னு கேக்குறது நியாயமான கேள்விதான். எனக்கு சந்தேகம் அந்த 38 மேலதான், ஏன்னா எக்ஸெல் வாங்குற விலைக்கு உங்களால வாங்க முடியாது.

4 லட்சத்த 20 பங்குக்கு பிரிச்சா ஒண்ணுக்கு 20,000 ரூபா. பங்கு 42 ரூபான்னு வெச்சுக்கங்க, 476 பங்கு வேணும். இப்ப ப்ரோக்கர் ஆப்ப தொறந்து மார்க்கெட் டெப்த் (எந்த விலைக்கு எத்தன பங்கு நிக்குதுங்குற பட்டியல்) பாருங்க, இந்த மாதிரி கம்பெனில என்னா இருக்கும்னா 42.90ல 110 பங்கு, 43.40ல 60, 44ல 200, 44.50ல 75, 44.90ல 40, அவ்ளோதான் விக்கிற ஆளு. உங்க ஒரு ஆர்டரே அஞ்சு வரிசையையும் தொடச்சிட்டு போயிடும், சராசரி 43.80 ஆயிடும். எக்ஸெல்ல 42ன்னு இருக்கும். வாங்கும்போதே 4%க்கு மேல போச்சு, விக்கும்போதும் அதே கதைதான், ஆக உள்ள போயி வெளிய வர 8%. மாசா மாசம் லிஸ்ட்ல பாதி மாறுதுன்னா வருஷத்துக்கு ஆறு தடவ மொத்த பணமும் சுத்துது, 48% இதுலயே காலி. எல்லா பங்கும் இவ்ளோ மோசமா இருக்காதுன்னு வாதம் பண்ணுவீங்க, சரி பாதியே ஆகட்டும், 24% போச்சு, மிச்சம் 14. அதுல வாங்க 0.1%, விக்க 0.1%ன்னு எஸ்டிடி (பங்கு வாங்கி விக்கிறதுக்கான வரி), 12 மாசத்துக்குள்ள வித்த லாபத்துக்கு 20% வரி.

லிமிட் ஆர்டர் (இந்த விலைக்கு மேல வாங்க மாட்டேங்குற ஆர்டர்) போட்டு 42லயே உக்காந்திருப்பேன்னு சொல்லலாம். உக்காரலாம், ஆனா நல்ல சேதி வந்து ஏறுற பங்கு உங்க விலைக்கு வராமயே மேல போயிடும், கெட்ட சேதி வந்ததுதான் தேடி வந்து உங்க கையில விழும். பேக்டெஸ்ட்ல இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

இன்னொண்ணு, தேதி. மார்ச் 31ல முடிஞ்ச வருஷத்தோட ரிசல்ட்ட கம்பெனி வெளியிட 60 நாள் டைம் இருக்கு, மே கடைசி வரைக்கும் போகும், குட்டி கம்பெனிங்க கடைசி நாள்லதான் போடுவாங்க. உங்க ஷீட் ஏப்ரல் 1ஆம் தேதியே அந்த லாபத்த வெச்சு வாங்குதுன்னா, பரிட்சைக்கு முன்னாடியே கொஸ்டின் பேப்பர் பாத்த கணக்குதான். குறைஞ்சது ஜூன் ஆரம்பம் வரைக்கும் தள்ளி வெச்சு ஓட்டிப் பாருங்க, மத்த காலாண்டுக்கு 45 நாள்.

அப்புறம் செத்துப்போன கம்பெனிங்க. இன்னிக்கி வெப்சைட்ல இருந்து எறக்குற லிஸ்ட்ல இன்னிக்கி உசுரோட இருக்குறதுதான் இருக்கும். கரூர்ல 1926ல ஆரம்பிச்ச லட்சுமி விலாஸ் பேங்க் ஞாபகம் இருக்கா, 2020 நவம்பர்ல டிபிஎஸ் பேங்க் கூட இணைச்சப்ப பங்கு வெச்சிருந்தவங்களுக்கு ஒரு பைசா கெடைக்கல, பூராவும் ரைட் ஆஃப். இன்னிக்கி பேங்க் பங்கு லிஸ்ட் எறக்குனீங்கன்னா அந்த பேரே வராது, யாருமே அதுல நஷ்டப்படாத மாதிரி இருக்கும். அமெரிக்காவுலயும் இதே கதைதான், சின்ன கம்பெனி பங்கு அதிக லாபம் தருதுன்னு 1981ல ரோல்ஃப் பான்ஸ்ங்குற ஆராய்ச்சியாளர் எழுதுனதுலருந்து எல்லாரும் அத புடிச்சிக்கிட்டாங்க, 1999ல ஷம்வே, வார்த்தர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க நாஸ்டாக் சந்தைல டீலிஸ்ட் ஆன (பட்டியல்லருந்து தூக்குன) கம்பெனிங்களோட நஷ்டத்த சரியா சேத்துப் பாத்தா அங்க அந்த சைஸ் லாபமே காணாம போச்சு.

இவ்ளோ சொல்லிட்டு உங்களுக்கு சாதகமான ஒண்ணையும் சொல்லணும். 1000 கோடி வெச்சிருக்குற ஃபண்டு ஒரு பங்குல 2% போடணும்னா 20 கோடி. 300 கோடி கம்பெனில ப்ரொமோட்டர் (கம்பெனி முதலாளி) 70% வெச்சிருந்தா வெளிய சுத்துறது 90 கோடிதான், அதுல 20 கோடி எங்கருந்து வாங்குவான்? வர மாட்டான். அதனாலதான் அங்க விலை தப்பா கெடக்க வாய்ப்பு இருக்கு, உங்க 20,000 ரூபா அங்க நுழையும். ஆனா மாசா மாசம் மாத்தாதீங்க, வருஷத்துக்கு ஒரு தடவ போதும். 12 மாசம் தாண்டி வித்தா 1.25 லட்சம் லாபம் வரைக்கும் வரி இல்ல, அதுக்கு மேல 12.5%தான். தினசரி வியாபாரம் 10 லட்சத்துக்குக் கீழ இருக்குற பங்க ஃபில்டர்லயே தூக்கிடுங்க, அதுக்கு சராசரி எடுக்காம மீடியன் (வரிசையா அடுக்குனா நடுவுல நிக்கிற எண்) எடுங்க, ஒரே ஒரு நாள் பல்க் டீல் (மொத்தமா கை மாறுறது) நடந்தாலே சராசரி பொய் சொல்லும். இத்தனையும் போட்டு மறுபடி ஓட்டுனா 38 எத்தனையா நிக்குதுன்னு பாத்துட்டு எழுதுங்க. அதுவரைக்கும் 4 லட்சத்துல அரை லட்சத்துக்கு மேல தொடாதீங்க.

கேள்வி: தம்பி, பாபநாசம் பக்கம் விவசாயம். சம்பா அறுத்து நெல்லு போட்ட பணம் 3 லட்சம் பேங்க்ல இருக்கு. என் மச்சினன் பையன் ஒரு டெலிகிராம் சேனல்ல சேத்து வுட்டான், 'ஏஐ குவான்ட் மாடல்' சின்ன கம்பெனி பங்கா பொறுக்கி குடுக்குமாம், மாசம் 2,999 ரூபா. போன வருஷம் வந்த லாபம்னு ஸ்க்ரீன்ஷாட்லாம் போடுறாங்க. குறுவைக்கு எடுத்துக்கலாம்னு அதுவரைக்கும் போட்டு வெக்கவா?

பதில்: வேண்டாம் ஐயா. குறுவைக்கு வேணுங்குற பணம் இதுக்கு ஆகாது, மாடல் நெசமாவே நல்ல மாடலா இருந்தாலும் ஆகாது.

ஜூன் 12 மேட்டூர் தொறந்தா வெதை, உழவு, ஆள் கூலின்னு கையில காசு நிக்கணும். அந்த நேரம் பாத்து உங்க பங்கு லோயர் சர்க்யூட்ல மாட்டுச்சுன்னு வைங்க. இந்த மாதிரி பங்குக்கு ஒரு நாளைக்கி 5%தான் எறங்க முடியும்னு வரம்பு இருக்கும், கேக்க பாதுகாப்பு மாதிரி இருக்கும், ஆனா அந்த வெலையில வாங்க ஆளே இருக்காது. பத்து நாள் தொடர்ந்து அப்படி போச்சுன்னா 100 ரூபா 60 ஆயிடும், ஒரு பங்கு கூட வித்திருக்க மாட்டீங்க. கொள்முதல் நிலையத்துல போர்டுல வெல எழுதிருக்கும், மூட்டை களத்துலயே நனைஞ்சிட்டு கெடக்கும் பாருங்க, அதே நெலமதான். அதுலயும் நெல்லுக்கு அரசாங்கம் சொன்ன வெல மாறாது, இங்க தினமும் எறங்கும்.

எக்ஸ்சேஞ்சே இந்த மாதிரி பங்குங்கள தனியா கண்காணிக்கிறாங்க. ஜிஎஸ்எம்ங்குற கண்காணிப்பு முறை 2017ல வந்துச்சு, 500 கோடிக்குக் கீழ இருக்குற கம்பெனிங்களுக்குன்னே 2023ல ஈஎஸ்எம்னு இன்னொரு முறைய கொண்டுவந்தாங்க. அதுல சிக்குன பங்கு ட்ரேட் டு ட்ரேட்க்கு போயிடும், வாங்குன அன்னிக்கே விக்க முடியாது, முத்துனா ஒரு நாளைக்கி 2%க்கு மேல நகரவும் விட மாட்டாங்க.

சேனல் விஷயம். பங்கு சிபாரிசு பண்ணி காசு வாங்கணும்னா செபில (பங்குச் சந்தைய கண்காணிக்கிற அமைப்பு) ரிசர்ச் அனலிஸ்ட்டா பதிவு பண்ணிருக்கணும், ஐஎன்ஹெச்னு ஆரம்பிக்கிற நம்பர் இருக்கும், அத கேளுங்க, செபி வெப்சைட்ல அதே பேர்ல இருக்கான்னு பையன விட்டு பாக்க சொல்லுங்க. நம்பர் இருந்தாலும் அது பதிவுக்கு அத்தாட்சி, லாபத்துக்கு இல்ல. யோசிச்சு பாருங்க, ஒரு நாளைக்கி 3 லட்சத்துக்கு வியாபாரம் ஆகுற பங்க சில ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்துல 'வாங்கு'ன்னு அனுப்பிச்சா அப்பர் சர்க்யூட் (ஒரு நாள்ல ஏறுற வரம்பு) ஆகாம என்ன ஆகும், அதுக்கு மாடலே தேவையில்ல. மெசேஜ் வர்றதுக்கு முன்னாடியே வாங்கி வெச்சிருந்தவன் அப்பத்தான் விப்பான். ஸ்க்ரீன்ஷாட்ல ஏறுன வெல இருக்கும், வித்த ரசீது இருக்காது. பணத்த மூணு மாச டெபாசிட்டா போட்டுட்டு சேனல்ல இருந்து வெளிய வாங்க. மச்சினன் பையன்கிட்டயும் சொல்லுங்க, கோச்சுக்கிட்டா பரவால்ல.

கேள்வி: மயிலாடுதுறையிலருந்து ரிட்டயர்டு டீச்சர். தனித்தனியா பொறுக்குறதுக்கு பதிலா மைக்ரோகேப் இண்டெக்ஸ் ஃபண்டு (குட்டி கம்பெனி பட்டியல மொத்தமா வாங்குற ஃபண்டு) வாங்கிட்டா இந்த தொல்லை எல்லாம் இல்லதானே?

பதில்: பாதி தொல்லை போகும் டீச்சர். நிஃப்டி மைக்ரோகேப் 250ங்குறது நிஃப்டி 500ங்குற பெரிய கம்பெனிங்க பட்டியலுக்கு அடுத்த 250 கம்பெனிங்க, கும்பகோணத்துக்காரர் சொல்ற சைஸ் இல்ல, நெறையவே பெருசு. அதனால வாங்க விக்க முடியாம மாட்டுற பயம் கம்மி, வீழ்ச்சி மட்டும் அப்படியேதான். 2018 ஜனவரிலருந்து 2020 மார்ச் வரைக்கும் சின்ன கம்பெனிங்களோட ஸ்மால்கேப் இண்டெக்ஸே பாதிக்கு மேல எறங்கிடுச்சு, இது அதுக்கும் கீழ இருக்குற அடுக்கு. பென்ஷன் வருது, ஏழு வருஷம் தொட மாட்டேன்னா கொஞ்சம் போடலாம். பேத்தி கல்யாணத்துக்கு சேக்குற பணம்னா வேண்டாம்.

கேள்வி: சார், திருவாரூர்ல காலேஜ் படிக்கிறேன், பைதான் தெரியும். இதே மாதிரி மாடல் சரியா பண்ணனும்னா எங்க ஆரம்பிக்கிறது? காசு போடப்போறதில்ல, கத்துக்கத்தான்.

பதில்: காசு போடலன்னா தாராளமா பண்ணும்மா. டேட்டாவுல ஆரம்பி. என்எஸ்இ, பிஎஸ்இ ரெண்டுமே தினமும் பாவ்காப்பின்னு ஒரு ஃபைல் போடுவாங்க, இலவசம், அன்னிக்கி வியாபாரம் ஆன எல்லா பங்கும் அதுல இருக்கும், பின்னாடி செத்துப்போனதும் சேத்துதான். பழைய ஃபைல்ங்கள வரிசையா எறக்கி அடுக்குனாலே மேல சொன்ன டீலிஸ்ட் பிரச்சனைல பெரும்பகுதி தீந்துடும், நாள்வாரி வியாபார மதிப்பும் கெடைக்கும். போனஸ் (இலவசமா குடுக்குற பங்கு), ஸ்ப்ளிட் (ஒரு பங்க பலதா பிரிக்கிறது) வந்தா பழைய விலைய நீதான் சரி பண்ணனும். பண்ணலன்னா 1:1 போனஸ் குடுத்த கம்பெனி ஒரே நாள்ல பாதியா விழுந்த மாதிரி காட்டும், உன் மாடல் பயந்து வித்துடும்.

ஃபார்முலாவுக்கு ஜோசப் பியோட்ரோஸ்கிங்குற பேராசிரியர் 2000ல போட்ட ஒம்போது மார்க் முறைய எடுத்துக்க. லாபம் வருதா, கடன் கொறையுதா, புதுசா பங்கு வெளியிட்டாங்களா, இப்படி ஒம்போது ஆமா-இல்ல கேள்வி. அவர் அத போட்டதே மலிவா கெடக்குற கம்பெனிங்களுக்குள்ள நல்லத கெட்டதுலருந்து பிரிக்கத்தான், யாரும் கவனிக்காத சின்ன கம்பெனிங்கள்லதான் அது நல்லா வேலை செஞ்சுச்சு. ஒம்போதுல ஒண்ணே ஒண்ண மட்டும் வெச்சுக்கன்னா, செயல்பாட்டுல வந்த ரொக்கம் காட்டுன லாபத்த விட அதிகமாங்குறத நான் வெச்சுப்பேன், குட்டி கம்பெனில லாபத்த எழுதிக் காட்டுறது சுலபம், ரொக்கத்த காட்டுறது அவ்ளோ சுலபம் இல்ல. முதல் ரெண்டு வருஷ டேட்டாவுல மட்டும் ரூல்ஸ செட் பண்ணு, மிச்சத்த தொறக்காம வெச்சிருந்து கடைசில ஒரே ஒரு தடவ ஓட்டு. புடிச்ச நம்பர் வர்ற வரைக்கும் ஃபில்டர மாத்தி மாத்தி ஓட்டுனா எதுக்கும் ஆகாது, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல கேள்வி கேக்குறவங்க முதல்ல அதத்தான் கேப்பாங்க.