அப்பாவின் கொமடோர் 64 டிஸ்குகளுக்கு ஒரு இணையதளம்: எங்கே தொடங்குவது?

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் வீட்டுப் பரணில் கிடைத்த, கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியின் டிஸ்குகள் என்கிறீர்கள். தளம் அப்புறம், முதலில் டிஸ்கைப் பாருங்கள். டர்பன் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துவிடும். உறையின் நீள்திறப்பில் வெண்திட்டு தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். அந்த அழுக்கு டிரைவின் ஹெட்டில் (டிஸ்கைப் படிக்கும் முனை) ஒட்டி அடுத்த டிஸ்கையும் கீறும்.

நல்லவற்றைக் கொமடோரின் 1541 டிஸ்க் டிரைவில் போட்டு, அந்த டிரைவை இன்றைய கணினியோடு இணைக்கும் ஸூம்ஃப்ளாப்பி கருவி வழியாக டி64 கோப்பாக்குங்கள். டிஸ்கில் உள்ள தரவின் நகல்தான் அது. வழக்கமான 35 தட (தரவு பதியும் வட்டப்பாதை) டிஸ்க் என்றால் சரியாக 1,74,848 பைட் வரும். குறைந்தால் மறுபடி எடுங்கள். நகல் தடுப்பு உள்ள விளையாட்டுகளுக்கு டி64 போதாது, டிஸ்கின் பதிவை இன்னும் நுணுக்கமாக எடுக்கும் ஜி64 கோப்பு வேண்டும்.

தளத்துக்கு டேட்டாபேஸ் எதற்கு? வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள் போதும். லேபிளையும் ஸ்கேன் செய்து போடுங்கள், அப்பாவின் கையெழுத்து அதில்தானே இருக்கிறது! கடையில் வாங்கிய விளையாட்டுகளுக்கு இன்னும் பதிப்புரிமை உண்டு. அப்பா பேசிக் மொழியில் எழுதிய நிரல்களை மட்டும் பொதுவில் வையுங்கள்.