முகாம் முடிந்த மறுநாளுக்குப் பணம் வையுங்கள்

கேள்வி: எங்கள் கிராமத்தில் ஏறக்குறைய 300 குடும்பங்கள். பள்ளியில் 180 பிள்ளைகள் படிக்கிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று சந்தா வாங்கி ஒரு மருத்துவ நிதி தொடங்க இருக்கிறோம். ஆண்டுக்கு இரண்டு மருத்துவ முகாம், ஊருக்குள் ஒரு மருந்தகம், பெரிய அறுவை சிகிச்சைக்கு உதவி என்று மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன. பிள்ளைகளை முதலில் கவனிக்க வேண்டும் என்பதில் எல்லாரும் ஒரே கருத்து. எதில் தொடங்கலாம்?

பதில்: மூன்றையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள் என்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம். முகாம் நடத்திக் குறையைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. பிள்ளையை மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவது, வேலைக்குப் போகாமல் கூடவரும் தாய்க்கு பஸ் செலவை யார் கொடுப்பது, மூன்று மாத மாத்திரையை யார் பொறுப்பாக எடுத்துக் கொடுப்பது என்பதில்தான் காரியம் கெடுகிறது. சீட்டில் எழுதிக் கொடுத்தது சீட்டோடு போய்விடுகிறது. உங்கள் நிதியின் முதல் செலவு இதற்காக இருக்கட்டும்.

பார்வைக் குறையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல்கட்டச் சோதனைக்கு மருத்துவரே தேவையில்லை. முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் செய்துவிடலாம். ஆறு மீட்டரை நாடாவால் அளந்து தரையில் கோடு போடுங்கள். மூன்று கால் கொண்ட குறி மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பியிருக்கும் அட்டை ஒன்று உண்டு. எழுத்து தெரியாத பிள்ளைகூடக் கையால் திசையைக் காட்டிவிடும். ஒரு கண்ணை உள்ளங்கையைக் குழித்து மூடச் சொல்லுங்கள். விரல்களால் மூடினால் இடுக்கு வழியே பார்ப்பார்கள். அழுத்தி மூடினால் அடுத்து அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது மங்கலாகத் தெரியும். வரிசையில் நிற்கும் வாண்டுகள் விடையைக் கேட்டு மனப்பாடம் செய்துவிடும் என்பதால் அட்டையை அடிக்கடி திருப்பிப் பிடியுங்கள். இரண்டு கண்ணில் ஏதாவது ஒன்றால் 6/12 வரியை (நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டரிலிருந்தே பார்த்துவிடும் வரி அது) பார்த்துச் சொல்ல முடியாத பிள்ளை, கண் பரிசோதகரிடம் போக வேண்டும்.

இதுவரை செலவு அநேகமாக ஒன்றுமில்லை. இனிமேல்தான் செலவு. போக்குவரத்து, கண்ணாடி, உடைந்தால் மாற்றுக் கண்ணாடி ஆகிய மூன்றையும் நிதி ஏற்க வேண்டும். கண்ணாடியின் சட்டத்தை (ஃபிரேமை) பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பெரியவர்கள் மலிவு பார்த்து வாங்கிக் கொடுத்தது பெரும்பாலும் பைக்குள்ளேயே கிடக்கும்.

அடுத்தது ரத்தசோகை. கீழ் இமையைத் தாழ்த்திப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பார்கள். கடுமையானதுதான் அப்படித் தெரியும், மிதமானது தப்பிவிடும். ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதிக்கத்தான் வேண்டும். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 முதல் 11 வயது வரை 11.5 கிராமுக்குக் கீழே இருந்தாலும், 12 முதல் 14 வயது வரை 12 கிராமுக்குக் கீழே இருந்தாலும் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 8 கிராமுக்கும் கீழே போனால் மாத்திரையோடு நிறுத்தாமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியதும் மலம் கறுப்பாகப் போகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பெற்றோர் பயந்து முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். மலேரியா உள்ள பகுதியென்றால், மலேரியா தடுப்புக்கும் சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்துகொண்டு, சுகாதாரத் துறையின் மேற்பார்வையில்தான் இரும்புச்சத்து கொடுக்க வேண்டும்.

ரத்தசோகைக்குக் கொக்கிப்புழுவும் ஒரு காரணம். வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது தோலைத் துளைத்து ஏறி, குடலில் தங்கி ரத்தம் குடிக்கும் புழு அது. ஒரே ஒரு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை போதும். புழுத்தொற்று 20 சதவீதத்தைத் தாண்டிய பகுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறையும், 50 சதவீதத்தைத் தாண்டினால் இருமுறையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள். பல நாடுகளில் இது அரசு வழியே இலவசமாகப் பள்ளிக்கு வருகிறது. விசாரிக்காமல் காசு கொடுத்து வாங்காதீர்கள். கழிப்பறையும் சோப்பும் இல்லாத பள்ளியில் சில மாதங்களில் புழு திரும்பிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

‘இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது, பெயருக்காவது கட்டணம் வைப்போம்’ என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். கென்யாவின் மேற்குப் பகுதியில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். குடற்புழு மாத்திரை இலவசமாகக் கிடைத்த பள்ளிகளில் நான்கில் மூன்று பங்குப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். சிறு கட்டணம் வைத்த பள்ளிகளில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பொருளாதார அறிஞர்கள் மைக்கேல் கிரெமரும் எட்வர்ட் மிகேலும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இது. பிள்ளைகளுக்கான தடுப்பு மருந்துக்கும் பரிசோதனைக்கும் கட்டணம் என்ற பேச்சே வேண்டாம். சந்தாவை வீடுகளிடம் வாங்குங்கள், மருந்தைக் கையில் வாங்கும் பிள்ளையிடம் வாங்காதீர்கள்.

சந்தாவைப் பொறுத்தவரை, விருப்பப்பட்டவர் விருப்பப்பட்ட நேரத்தில் சேரலாம் என்று வைத்தால் நோயாளி இருக்கும் வீடுகள் மட்டுமே சேரும். நிதி ஓராண்டில் காலி. குடும்பம் முழுவதையும் ஓர் அலகாகச் சேருங்கள். ஊரில் கையில் காசு புரளும் மாதம் எதுவோ, அந்த மாதத்தில் மட்டும் சேர்க்கை வையுங்கள். மாதச் சந்தா என்றால் வசூலிப்பவர் மூன்றாம் மாதமே சலித்துப்போவார். கொடுக்க முடியாத வீடுகளுக்கு விலக்கு கொடுங்கள், ஆனால் அந்தப் பட்டியலைச் சபையில் வாசிக்காதீர்கள்.

மருந்தகம் வேண்டாம் என்பதற்குப் பழைய அனுபவம் உண்டு. 1987இல் மாலியின் தலைநகர் பமாக்கோவில் ஆப்பிரிக்கச் சுகாதார அமைச்சர்கள் கூடி, மருந்தைச் சற்று லாபம் வைத்து விற்று ஊர் மருத்துவ நிலையத்தை நடத்தும் திட்டத்தை ஏற்றார்கள். பல இடங்களில் மருந்துத் தட்டுப்பாடு குறைந்தது உண்மை. பரம ஏழைகள் வாசலோடு திரும்பியதும் உண்மை. மருந்து விற்றால்தான் சம்பளம் என்றானபின் ஒரு மாத்திரை போதுமான இடத்தில் மூன்று எழுதத் தோன்றும்.

அறுவை சிகிச்சை உதவிக்கு 300 வீடு மிகச் சிறிய கூட்டம். இரண்டு பெரிய நோய் ஒரே ஆண்டில் வந்தால் எல்லாச் சந்தாவும் கரைந்துவிடும். மூன்றாவதாக வருபவருக்குப் பதில் சொல்ல முடியாது. அரசோ மாவட்ட அளவிலான அமைப்போ நடத்தும் காப்பீடு இருந்தால் அதில் ஊரார் எல்லாரையும் பதிவுசெய்ய நிதியிலிருந்து ஒருவருக்குப் படி கொடுங்கள். பதிவு இல்லாததாலேயே காப்பீடு கைக்கு எட்டாமல் போகும் வீடுகள் நிறைய.

கணக்கில் மூவர் கையெழுத்து இருக்கட்டும், ஒருவராவது மாணவரின் தாயாக இருக்கட்டும். மாற்றலாகிப் போகக்கூடிய தலைமை ஆசிரியரைக் கையெழுத்தில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் பள்ளிச் சுவரில் கணக்கை ஒட்டுங்கள். பிள்ளைகளின் பெயரும் நோயும் அதில் வரக் கூடாது. எத்தனை பேர் மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுக்கப்பட்டார்கள், எத்தனை பேர் உண்மையில் போய் வந்தார்கள் என்ற இரண்டு எண்கள் போதும். இடைவெளி பெரிதாக இருந்தால் அடுத்த பரிசோதனையை ஒத்திவைத்துவிட்டு, போகாத வீடுகளுக்கு ஆள் அனுப்பிக் காரணம் கேளுங்கள்.