மழையில் முன் சக்கரம் சுழல்கிறது, டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடலாமா?

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. முந்தைய ஓனர் 17 அங்குல வீலைக் கழற்றிவிட்டு 18 அங்குல அலாய் போட்டிருக்கிறார். மழை நாளில் வால்பாறை ஏறும்போது, வளைவில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தாலே மஞ்சள் விளக்கு சிமிட்டுகிறது, வண்டி திணறுகிறது. சாதாரண ரோட்டில் போனால் இடுப்பு கழன்றுவிடுகிறது. டிராக்‌ஷன் கன்ட்ரோலை ஆஃப் செய்தால் இரண்டும் சரியாகும் என்கிறார் நண்பர். செய்யலாமா? இல்லை, பழைய 17-க்கே திரும்பிவிடவா? டயர் படம் அனுப்பியிருக்கிறேன்."

சார், அணைக்காதீர்கள். அணைத்தால் சிமிட்டல்தான் நிற்கும், வழுக்கல் நிற்காது. இடுப்பு வலிக்கும் அந்த பட்டனுக்கும் சம்பந்தமே இல்லை. அதற்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவில் ஒரு வயர் கூட ஓடவில்லை. உங்கள் இரண்டு தொல்லைக்கும் காரணம் பெரும்பாலும் டயர்தான் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த மஞ்சள் விளக்கு. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்காக நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு வேக சென்சார் இருக்கிறது. உங்களுடையது முன் சக்கரம் இழுக்கும் வண்டி, பின் சக்கரங்கள் சும்மா உருள்பவை. பின் சக்கரம் உருளும் வேகத்தைவிட முன் சக்கரம் கூடுதலாகச் சுற்றினால், அது ரோட்டைப் பிடிக்காமல் அரைக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். உடனே இன்ஜின் சக்தியைக் குறைக்கும், தேவைப்பட்டால் சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கும். இதுதான் டிராக்‌ஷன் கன்ட்ரோல், இது வேலை செய்யும்போதுதான் விளக்கு சிமிட்டும். சிமிட்டினால் வேலை செய்கிறது என்று அர்த்தம். சிமிட்டாமல் நிலையாக எரிந்தால்தான் கோளாறு, இல்லை யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் உணரும் திணறல், கம்ப்யூட்டர் சக்தியைக் குறைப்பதால் வருவது. அது குறைக்காவிட்டால் அந்த சக்தி வண்டியை முன்னே தள்ளப் போவதில்லை. ஈர ரோட்டில் ரப்பரைத் தேய்க்கத்தான் போகும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் முன்பக்கம் திரும்பாமல் நேராகவே போகும். ஒரு டயருக்கு மொத்தமாக இருப்பது ஓர் அளவு பிடிப்புதான். அதை இழுவைக்கே செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது.

வால்பாறை ரோட்டில் இது ஏன் இவ்வளவு தெரிகிறது? ஆழியாரிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் வண்டியின் எடை பின்னுக்குச் சாய்கிறது. வளைவில் எடை வெளிப்பக்கம் சாய்கிறது. இரண்டும் சேரும்போது வளைவின் உள்பக்கம் இருக்கும் முன் சக்கரம் கிட்டத்தட்ட பூவாய் இருக்கும். நீங்கள் மிதிப்பதும் சரியாக அந்த நொடியில்தான். ஆர்எஸ் 230 இன்ஜினின் டார்க், அதாவது சுழற்று விசை, 350 நியூட்டன் மீட்டர், டர்போ என்பதால் கீழ் ஆர்பிஎம்மிலேயே முழுசாக வந்துவிடும். முதல் கியர் வழியாகச் சக்கரத்துக்குப் போகும்போது அது பல மடங்காகும். எடையில்லாத சக்கரத்தில் அதைக் கொட்டினால் எந்த டயரும் கொஞ்சம் சுழலத்தான் செய்யும். அதனால் அங்கே ஒரு சிமிட்டு வருவது குற்றமில்லை. ஒவ்வொரு வளைவிலும், லேசாக மிதித்தாலே வருகிறது என்றீர்களே, அதுதான் சரியில்லை.

இப்போது நீங்கள் அனுப்பிய படத்துக்கு வருகிறேன். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துக்குப் பின்னால் நீள்வட்டத்துக்குள் 0919 என்று இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் 9-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். டிரெட், அதாவது ரோட்டில் பதியும் பள்ளம் வெட்டிய பகுதி, பாதிக்கு மேல் இருக்கிறது, அதனால்தான் நீங்களும் நல்ல டயர் என்று நினைத்துவிட்டீர்கள். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பள்ளங்களின் அடியில் முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள் ஓடுகின்றன. வெயிலிலும் சூட்டிலும் ரப்பர் தன் எண்ணெய்ப் பசையை இழந்து இறுகிப்போனதற்கு அது அடையாளம். கட்டை விரல் நகத்தை டிரெட்டில் அழுத்திப் பாருங்கள். நல்ல டயரில் நகம் கொஞ்சம் இறங்கி, தடம் மெதுவாக மறையும். இறுகின டயரில் நகம் வழுக்கும். நகம் வழுக்கும் ரப்பர் ஈரத் தாரிலும் வழுக்கும்.

மொட்டை டயர் ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். சட்டமும் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் டிரெட் கேட்கிறது. கல்லாகிப்போன டயரைப் பற்றிச் சட்டமும் பேசுவதில்லை, டயர் கடையிலும் யாரும் சொல்வதில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. வாரக் கடைசியில் மட்டும் ஓட்டும் வண்டிகளில்தான் இது அதிகம். கிலோமீட்டர் ஏறாததால் டிரெட் தேயாது, வயது மட்டும் ஏறிக்கொண்டே போகும். உங்கள் டயருக்கு ஆறு வயது தாண்டிவிட்டது. நான்கையும் மாற்றுங்கள்.

இரண்டு மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். நான்கும் ஒரே வயது, ஒரே நிலை, அதனால் நான்கும்தான். எப்போதாவது இரண்டுதான் வாங்க முடிகிறது என்றால் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன் சக்கர வண்டிக்கு முன்னால்தான் போட வேண்டும் என்று கடையில் வாதாடுவார்கள். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராக ஓடும், காலை எடுத்தால் கட்டுக்குள் வரும். பின் டயர் மழையில் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும், அதைச் சமாளிக்க எல்லாராலும் முடியாது.

சரி, 17-ஆ 18-ஆ? இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். உங்கள் வண்டிக்கு வந்த அளவு 225/45 ஆர்17. டயரின் சுவர் உயரம் அதன் அகலமான 225 மில்லிமீட்டரில் 45 சதவீதம், அதாவது 101 மில்லிமீட்டர். இப்போது இருப்பது 225/40 ஆர்18, சுவர் 90 மில்லிமீட்டர். டயரின் மொத்த விட்டம் முன்பு 634, இப்போது 637. விட்டம் ஒன்றுபோலத்தான், அதனால் ஸ்பீடோமீட்டரும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் குழம்பாது. 18 போட்டதால் விளக்கு சிமிட்டுகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் 11 மில்லிமீட்டர் சுவர் போய்விட்டது. குழியில் இறங்கும்போது முதல் அடியை வாங்குவது அந்தச் சுவர்தான், ஸ்பிரிங்குக்கு வேலை அப்புறம்தான். போதாததற்குப் பெரிய அலாய் பெரும்பாலும் எடையும் கூட. சக்கரத்தில் ஏறும் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் அது ஒவ்வொரு குழியிலும் தடதடவென்று தெரியும்.

நானாக இருந்தால் 17-க்குத் திரும்பிவிடுவேன். பொள்ளாச்சி, வால்பாறை என்று ஓடும் ஆளுக்கு 18-இல் கிடைப்பது தோற்றமும், திருப்பத்தில் கொஞ்சம் கூடுதல் கூர்மையும்தான். அந்தக் கூர்மைக்காக ஒரு மழை இரவில் குழியில் விழுந்து ரிம் வளைவதையும், டயர் பக்கவாட்டில் முட்டை மாதிரி புடைப்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படிப் புடைத்த டயரை ஒட்டிப் பிழைக்க வைக்க முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். 18 உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. டயரை மட்டும் நல்லதாக வாங்குங்கள்.

வாங்கும்போது விலையையும் உழைப்பையும் மட்டும் கேட்காதீர்கள். பல டயர்களின் சுவரில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். அந்த எண் ஏற ஏற ரப்பர் மெதுவாகத் தேயும், பொதுவாகப் பிடிப்பும் கொஞ்சம் குறையும். 500-க்குப் போனால் டாக்ஸிக்கு அருமை, உங்கள் 230 குதிரைத் திறனுக்குப் பொருந்தாது. 300-ஐ ஒட்டி இருந்தால் நடுநிலை. பக்கத்திலேயே டிராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி என எழுத்து இருக்கும், அது ஈரத்தில் பிரேக் பிடிக்கும் திறன். ஏ-க்குக் கீழே வாங்காதீர்கள். அப்புறம், தேதியைப் பார்த்து வாங்குங்கள். கடையில் இரண்டு வருடம் கிடந்த டயரைப் புதிய விலைக்கு எதற்கு வாங்க வேண்டும்?

காற்று. பெட்ரோல் பங்கில் கேட்காமலேயே 36, 38 என்று அடித்துவிடுகிறார்கள். மைலேஜ் கிடைக்கும் என்பார்கள். அதிகம் அடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் ரோட்டில் பதியும், பிடிப்பு குறையும், சுவர் இறுகி இடுப்பைப் பதம் பார்க்கும். சொகுசுக்காகக் குறைத்து ஓட்டுவதும் கூடாது. சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும், தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும். உங்கள் வண்டியில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் அழுத்த அட்டவணை ஒட்டியிருக்கும். ஆள் எண்ணிக்கைக்குத் தகுந்த எண்ணை அதில் பாருங்கள். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். டயர் 10 டிகிரி சூடானால் அழுத்தம் ஒன்றரை, 2 பிஎஸ்ஐ ஏறிவிடும், மதிய வெயிலில் பார்க்கும் எண் பொய் சொல்லும்.

டயர் மாற்றும் அன்றே வீல் அலைன்மென்ட் பாருங்கள். பழைய டயரைத் தூக்கி எறியும் முன் டிரெட்டின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியேயும், வெளியிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழ, மறு திசையில் ரம்பம் மாதிரி கையைக் கீறினால் டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், தப்பாக இருக்கிறது. டயர் நேராக உருளாமல் பக்கவாட்டில் இழுபட்டு ஓடியிருக்கிறது. அப்படியே புது டயரைப் போட்டால் அதுவும் வீண். வண்டியைத் தூக்கி, முன் சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் ரோட்டில் அது சீக்கிரம் போகும், கிளம்பும்போது முன்பக்கம் தத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக உங்கள் நண்பர் சொன்ன பட்டன். வண்டியின் திரையில் வரும் அதற்கான மெனுவில் ஏஎஸ்ஆர் ஆஃப், இஎஸ்சி ஸ்போர்ட் என்று இரண்டு இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. ஏஎஸ்ஆர் ஆஃப் என்பது சக்கரச் சுழற்சிக் கட்டுப்பாட்டை மட்டும் நிறுத்துவது. தோப்பு மணலிலோ சேற்றிலோ மாட்டிக்கொண்டால் அதைப் போடலாம். அங்கே சக்கரம் கொஞ்சம் சுழன்றால்தான் வண்டி வெளியே வரும், கம்ப்யூட்டர் சக்தியை வெட்டிக்கொண்டே இருந்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். வெளியே வந்ததும் ஆன் செய்துவிடுங்கள். இஎஸ்சி என்பது வண்டி வழுக்கிச் சுற்றாமல் பிடித்து நிறுத்தும் கட்டுப்பாடு, அதன் ஸ்போர்ட் நிலை வண்டியை இன்னும் கொஞ்சம் வழுக்க விட்டு, தாமதமாகத்தான் கைகொடுக்கும். அதை அனுபவிக்க ஆசை இருந்தால் உங்களுக்கு கோவை பக்கம்தான், செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே நடக்கும்போது போய் ஓட்டிப் பாருங்கள். எதிரே பஸ் வரும் மலைப்பாதையில் வேண்டவே வேண்டாம்.

மலையில் ஓட்டும்போது டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியரை எஸ், அதாவது ஸ்போர்ட்டில் போடாமல் மேனுவலில் இரண்டாவது கியரில் நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் கியரைவிடச் சக்கரத்துக்குப் போகும் இழுவை குறையும், சுழல்வதும் குறையும். ஸ்டீயரிங் நேராகத் திரும்பத் திரும்ப, அதே அளவுக்கு ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மிதியுங்கள். வளைவின் நடுவிலேயே மிதிக்காதீர்கள்.

புது டயர் போட்டதும் முதல் 300, 500 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு மேல் பரப்பில் இருக்கும். அதற்குப் பிறகு ஒரு மழை நாளில் அதே வளைவில் அதே கியரில் ஏறிப் பாருங்கள். வெளியேறும்போது ஒரு தடவை சிமிட்டினால் பரவாயில்லை. நேரான காய்ந்த ரோட்டில், லேசாக மிதிக்கும்போதும் சிமிட்டினால் அது டயர் இல்லை. ஏதோ ஒரு சக்கரத்தின் சென்சார் தப்பான வேகத்தைச் சொல்கிறது. ஸ்கேனர் போட்டு, வண்டி ஓடும்போதே நான்கு சக்கர வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.