வாசகர் கேள்வி: வோட்டுக்குக் காசு குடுக்கலாமோ?

கேள்வி: அண்ணை, நான் ஸ்டீமிட்டில, அதுதான் வாசகற்ற வோட்டைப் பாத்து எழுதினவருக்குக் காசு குடுக்கிற இணையத்தளம், தமிழில எழுதிறனான். போன மாசம் அம்மம்மாவோட மூண்டு நாள் குந்தியிருந்து கேட்டு ஒடியல் கூழைப்பற்றி எழுதினன். ஏழே ஏழு வோட், ஒரு கொமெண்ட், அதுவும் நண்டு இல்லாமல் கூழ் சரிவருமோ எண்டு ஆரோ கேட்டது. அதே நாள் ஒரு பூப்படமும் நாலு வரியும் போட்ட ஆள் காசு குடுத்து வோட் வாங்கி மேல நிக்கிறார். பேப்பரில விளம்பரம் போடுறதுபோலத்தானே, நானும் வாங்கினால் பிழையோ? (பெயர் வேண்டாம், கோண்டாவில்)

பதில்: பிழைதான் தங்கச்சி. உங்கட கோபம் எனக்கு நல்லா விளங்குது, ஆனாலும் பிழைதான்.

எங்கட கோயில் திருவிழாவில மாம்பழம் ஏலம் போறதைப் பாத்திருப்பியள். ஒரு பழத்தை லட்சக்கணக்கில கேட்டு எடுக்கினம். சந்தையில அது என்ன விலை எண்டு எடுக்கிறவருக்கும் தெரியும், காசு கோயிலுக்குப் போகுது, ஊரே நிண்டு பாக்குது, அதில ஒருத்தரும் ஏமாறேல்லை. பேப்பர் விளம்பரமும் அப்பிடித்தான், பாத்த உடனயே விளம்பரம் எண்டு தெரியும். ஸ்டீமிட்டிலயே முந்தி ப்ரொமோட்டட் எண்டு ஒரு பக்கம் இருந்தது, அதுக்குக் குடுக்கிற காசு நல் (null) எண்ட ஆளில்லாக் கணக்குக்குப் போய் அழிஞ்சுபோகும், ஒருத்தற்ற பொக்கெற்றுக்கும் போகாது. அதை நான் பிழை சொல்லமாட்டன். வாங்கின வோட் வேற. பாக்கிறவர், கனபேர் வாசிச்சுப் பிடிச்சுப்போய்த்தான் இது மேல வந்திருக்கு எண்டு நம்பி வாறார்.

இன்னொண்டும் இருக்கு. ஸ்டீமிட்டுக்கு அடியில ஓடுறது 2016இல தொடங்கின ஸ்டீம் எண்ட டிஜிட்டல் காசு, அதில வோட் வெறும் லைக் இல்லை. புதுசா உருவாகிற ஸ்டீமில பெரும்பங்கு ஒரு பொதுப் பூலுக்குள்ள விழும், ஏழு நாளில வோட்டின்ர பலத்தைப் பாத்து அதைப் பிரிச்சுக் குடுக்கும், ஆரிட்ட ஸ்டீம் பவர் (எடுக்காமல் பூட்டி வைச்ச ஸ்டீம்) கூடவோ அவற்ற வோட்டுக்குப் பெறுமதி கூட. அப்ப நீங்கள் வோட் வாங்கி எடுக்கிற காசு வானத்தில இருந்து விழேல்லை, உங்களைப்போல மூண்டு நாள் மினக்கெட்டு எழுதின இன்னொரு பிள்ளையின்ர பங்கில இருந்துதான் வருது.

பிட் பொட் எண்டு தானா ஓடுற கணக்குகள் வோட்டை ஏலத்தில வித்த காலத்தில, பதிவுக்கு விழுற காசில எழுதினவருக்கு 75 வீதம், மிச்சம் வோட் போட்டவைக்கு. 10 ஸ்டீம் குடுத்து 14 பெறுமதியான வோட் வாங்கினால் 10.5 கையில வரும், அந்த அரை ஸ்டீமுக்காகத்தான் கனபேர் உதுக்குள்ள இறங்கினவை. 2019 ஓகஸ்டில பங்கைப் பாதிக்குப் பாதி ஆக்கினதோட அதே 14இல 7தான் வரும். பதிவின்ர காசைக் குறைக்கிற எதிர் வோட்டான டவுன்வோட்டையும் அப்பதான் கைநட்டமில்லாமல் போடவிட்டவை. கன பொட் அதோட படுத்திட்டுது.

என்ர முதல் கதை வந்த நேரம் மூண்டே மூண்டு கடிதம் வந்தது. ஒண்டு பருத்தித்துறையில இருந்து, நீர் எழுதின மீன் அந்த மாசத்தில படாது எண்டு சிவப்புப் பேனையால திருத்தி அனுப்பியிருந்தார். அந்தக் கடிதம் இப்பவும் மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. அவர் உண்மையா வாசிச்சவர். உங்களுக்கும் அப்பிடி ஒருத்தர் வந்திருக்கிறார், நண்டு கேட்டவர். அவருக்குப் பதில் போட்டனீங்களோ? இல்லாட்டி அம்மம்மாவைக் கேட்டு இண்டைக்கே எழுதுங்கோ.

கேள்வி: நாங்கள் பத்துப் பேர் வாட்ஸ்அப் குரூப் வைச்சு ஆளுக்காள் வோட் போடுறம், காசு இல்லை. இது சரிதானே? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: வாசிச்சுப்போட்டுப் போடுறியளோ, லிங்க் வந்த உடன அமத்திறியளோ? அமத்திறது எண்டால் காசுக்குப் பதிலா வோட்டையே குடுத்து வோட் வாங்கிறியள், பூல் அதே பூல்தான். ஒரு கிழமைக்குக் குரூப்பில லிங்க் போடாமல் இருந்து பாருங்கோ, ஆர் தேடி வந்து வாசிக்கினம் எண்டு தெரியும்.