மண்டையைப் போட்டதும் ப்ளூ மூனும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க மேனேஜரோட அப்பா இறந்துட்டார். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளா காட்டிக்கலாம்னு இரங்கல் மெயில்ல 'கிக்ட் தி பக்கெட்'னு போட்டுட்டேன். அகராதில 'இறந்துபோதல்'னுதான் இருந்துச்சு. பக்கத்து சீட்டுக்காரர் பாத்துட்டு தலையில அடிச்சுக்கிட்டார். என்ன தப்பு?
— வாசகர், திருப்பூர்

பதில்: ஐயையோ! நீங்க அனுப்புனது தமிழ்ல 'உங்கப்பா மண்டையைப் போட்டுட்டாராமே சார், ரொம்ப வருத்தம்'. அகராதி பொய் சொல்லல, அர்த்தம் சாவுதான், ஆனா 1785ல லண்டன்ல வந்த கொச்சைச் சொல் அகராதியிலயே இது இருக்கு, அப்பவே மரியாதை கம்மி. நம்மகிட்டயே பாருங்க, காலமானார், தவறிட்டார், இயற்கை எய்தினார், போய்ச் சேந்துட்டான், எல்லாமே ஒரே சாவுதான், ஆனா கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு எது, டீக்கடை பெஞ்சுக்கு எதுன்னு யாரும் சொல்லிக்குடுக்காமலே நமக்குத் தெரியும்ல, இங்கிலீஷ்காரங்களுக்கும் அப்படித்தான். 'தவறிட்டார்'க்கு சரியான ஜோடி 'பாஸ்ட் அவே'. பேப்பர்ல செய்தின்னா வெறும் 'டைட்' போதும், அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணுமில்ல. நம்ம ஊரு 'எக்ஸ்பையர்ட்' மட்டும் வேணாம், வெளிநாட்டுக்காரங்களுக்கு பால் பாக்கெட்தான் ஞாபகம் வரும். உங்க மெயிலுக்கு 'ஐயம் ஸோ சாரி அபவுட் யுவர் ஃபாதர்' போதுமா இருந்திருக்கும், சாவுங்கிற வார்த்தையே தேவைப்பட்டிருக்காது. இப்ப நேர்ல போய் மன்னிப்பு கேட்டுடுங்க. இன்னொரு மெயில் வேணவே வேணாம்.

கேள்வி: பெங்களூர்ல வேலை பாக்குற என் பொண்ணு, 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்தான் வெளிய சாப்பிடுறேன்'ங்கிறா. அது எத்தனை நாளைக்கு ஒருக்க?
— வாசகி, மதுரை

பதில்: கணக்குப் பாத்தா சுமாரா ரெண்டரை, மூணு வருஷத்துக்கு ஒருக்கம்மா. ஒரே மாசத்துல ரெண்டு பௌர்ணமி வந்தா ரெண்டாவதுக்கு ப்ளூ மூன்னு பேரு, 2023 ஆகஸ்ட்ல வந்துச்சு. நிலா நீலமால்லாம் இருக்காது. இந்தக் கணக்கே 1946ல ஒரு அமெரிக்க வானியல் பத்திரிகைல பழைய பஞ்சாங்கத்தைத் தப்பாப் படிச்சு எழுதுனதால பரவுனது, சொல்வழக்கு அதுக்கு ரொம்ப முந்தியே இருக்கு. அதனால பேச்சுல யாரும் நிலாவை எண்ணுறதில்ல, நாம 'அத்தி பூத்தாப்ல'ன்னு சொல்றமே, அதேதான். சாதாரணமா சொல்லணும்னா 'ஹார்ட்லி எவர்'. பொண்ணு சொல்றது நிசந்தானான்னு தெரியணும்னா அதுக்கு இங்கிலீஷ் உதவாது, அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அவ ஃபோன்ல டெலிவரி ஆப்பை ஒருதரம் திறந்து பாருங்க.